மணலில் மாநகர் கண்ட மன்னர்



ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், நம் குற்றாலத்தை நாடி எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகின்றனர். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி என்று பல பெயர்களில் விழும் தண்ணீர், சிற்றாற்றில் சேர்ந்து நம் தென்காசியைக் கடந்து ஓடுகிறது. இப்படித் தண்ணீர் கொழிக்கும் மண்ணில் பிறந்த நம் ஊர் ஆண்கள் பலர், ஆறே இல்லாத ஒரு மண்ணை நாடிச் செல்கின்றனர் என்பது எத்தனை விந்தை! தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று எந்த ஊருக்குச் சென்றாலும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. புளியரை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குச் செல்லும் வண்டியைப் பார்த்துக் கையசைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு.

என் தந்தையாரும் துபாயில்தான் வேலை செய்கிறார். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். எனக்கு 3 வயது ஆனபோது சென்றார். இப்போது எனக்கு 15 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 40 நாள் விடுமுறை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருநாள் பெருக்கிப் பார்த்தேன். 12 ஆண்டுகளில் 6 விடுமுறை. 6 நாற்பது 240. அத்தனை ஆண்டுகளில் நான் என் தந்தையாருடன் ஒரே கூரையின் கீழ் இருந்தவை 240 நாட்களே. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை!

என் ஆச்சிக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. தம் மகனைப் பிடித்து வைத்துக்கொண்ட ஊர் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ, ஒரு புல்லும் முளைக்காத மணலில் இப்படி ஒரு நகரத்தை உண்டாக்கியவர் யார் என்று அறிய ஆவல் பிறந்தது. தேடிப் படித்தேன். அப்படி அறிந்த ஒருவரின் வாழ்க்கையையே இங்கே எழுதுகிறேன். அவர்தாம் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் அவர்கள்.

பிறப்பும் பிறந்த மண்ணும்

அரேபியப் பாலைவனத்தின் கரையில், பாரசீக வளைகுடாவை ஒட்டி அமைந்த சிற்றூர் துபாய். கடல்நீர் நிலத்திற்குள் நீண்டு புகுந்து ஓர் உப்பங்கழியாய்க் கிடக்க, அதன் ஒரு கரையில் பர் துபாயும் மறு கரையில் தேராவும் இருந்தன. 1833ஆம் ஆண்டு பனியாஸ் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 800 பேர் அபுதாபியிலிருந்து பிரிந்து வந்து இந்தக் கழியோரத்தில் குடியேறினர். அவர்களை அழைத்து வந்தவர்களுள் ஒருவரான மக்தூம் என்பவரின் வழித்தோன்றல்களே துபாயை ஆளும் மக்தூம் குடும்பத்தினர்.

அங்கே விளைச்சல் இல்லை. மழையும் மிகக் குறைவு. ஆகவே முன்னோர் வாணிகத்தையே நம்பினர். வெளியூர் வணிகரிடம் வரி கேட்டு விரட்டாமல், வரியைத் தள்ளி அவர்களை வரவேற்றனர். பாரசீகக் கரையில் வரி கூடியபோது அங்கிருந்த வணிகர் பலர் துபாய்க்கு வந்து கடை வைத்தனர். 1904 முதல் பம்பாய்க் கப்பல்கள் ஒழுங்காக வந்து சென்றன. 1909ஆம் ஆண்டு துபாயில் ஓர் அஞ்சல் நிலையம் திறக்கப்பட்டது. அது இந்திய அஞ்சல் நிலையமாகும்! நம் நாட்டு அஞ்சல் தலைகளே அங்கு ஒட்டப்பட்டன. நம் ரூபாயே அங்குச் செலாவணியாக இருந்தது. அந்த ஊர் நாம் எண்ணுவதுபோல் நமக்கு அந்நியமானது அன்று.

இத்தகைய ஊரில் 1912ஆம் ஆண்டு ராஷித் பிறந்தார். அவ்வாண்டே அவருடைய தந்தையார் ஷேக் சயீத் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். கழியின் வாயில் உள்ள ஷிந்தகா என்னும் பகுதியில் அவர்களுடைய வீடு இருந்தது. மின்விசிறி இல்லாத அந்நாளில், கடற்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக்கோபுரங்கள் அவ்வீட்டில் இருந்தன. தேராவில் அதே 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அஹமதியா பள்ளியில் ராஷித் கல்வி கற்றார்.

அன்னையின் பெருமை

பெண்களாகிய நாம் ராஷித்தின் அன்னையைப் பற்றி அறியாமல் மேலே செல்லலாகாது. அவர் பெயர் ஹெஸ்ஸா பின்த் அல் முர். அரச குடும்பத்துப் பெண்மணியாக வீட்டுக்குள் இருந்துவிடாமல், தாமே வாணிகத்தில் ஈடுபட்டுச் செல்வம் சேர்த்தவர் அவர். ஊர்க் காரியங்களைப் பேசும் அவை ஒன்றைத் தம் இல்லத்திலேயே நடத்தினார். ஆண்களும் அங்கு வந்து அவருடைய அறிவுரையைக் கேட்டனர். பெண்கள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத காலத்தில், பாலைவனத்தில் இப்படி ஓர் அன்னை வாழ்ந்தார் என்றால் வியப்பாக இல்லையா? கணக்கும் வாணிகமும் துணிவும் ராஷித்துக்கு அந்தத் தாயிடமிருந்து வந்தவை எனலாம்.

முத்து மறைந்தது

நம் தூத்துக்குடியைப் போலவே துபாயும் முத்துக்குளித்துறையாக இருந்தது. கோடையில் நான்கு மாதங்கள் நூற்றுக்கணக்கான ஆண்கள் படகேறிக் கடலுக்குச் செல்வர். மூக்கைக் கவ்வியால் அடைத்து, காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி மூழ்குவர். முத்துக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் வாங்கிய முன்பணக் கடன் மட்டும் தீராது. எனினும் ஊருக்கு வாழ்வளித்தது அந்த முத்தே.

1920களில் சப்பான் நாட்டார் சிப்பிகளைப் பண்ணையில் வளர்த்து முத்து உண்டாக்கும் முறையைப் பெருக்கினர். 1929ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் பொருளாதாரச் சரிவு வந்தது. முத்து வாங்குவார் இல்லாமல் போயினர். கடன் கொடுத்த வணிகரும் கடன் வாங்கிய குளியாளும் ஒன்றாக வறுமையில் வீழ்ந்தனர். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தபோது உணவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இளைஞரான ராஷித் இதையெல்லாம் கண்ணால் கண்டார். ஒரே பொருளை நம்பி வாழும் ஊர், அந்தப் பொருள் போனால் தானும் போகும் என்னும் பாடத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒட்டிய வயிறுகளில் படித்தார். பிற்காலத்தில் அவர் செய்த அனைத்திற்கும் இந்தப் பாடமே அடிப்படை.

வாழ்வில் ஒரு கறை

பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நம் வழக்கம். ஆனால் அது உண்மைக்கு நேர்மையாகாது. 1938ஆம் ஆண்டு துபாயின் வணிகர்களும் அரச குடும்பத்தின் ஒரு பிரிவினரும் ஆட்சியில் சீர்திருத்தம் வேண்டும் என்று எழுந்தனர். அவர்கள் அமைத்த அவை பள்ளி, சுங்கம், ஊர்ப்பணி ஆகியவற்றை ஒழுங்குபடுத்த முயன்றது. அரசரின் வருவாயிலும் அது கை வைத்தது. தேராக் கரை ஒரு கட்சி, பர் துபாய்க் கரை மறு கட்சி என்று ஊர் இரண்டாகப் பிளந்தது.

1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ராஷித்துக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகள் அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த லத்தீஃபா. திருமணம் தேராவில் நடைபெற்றது. கொண்டாட்டத்திற்கென்று கழியைக் கடந்த ஆட்கள் துப்பாக்கிகளுடன் எதிர்க்கட்சியினர்மேல் பாய்ந்தனர். மணநாள் குருதி சிந்திய நாளாயிற்று. அவை கலைந்தது. அன்று முதல் முதிய தந்தையாரின் பெயரால் ஊர்ப் பொறுப்பைப் பெரும்பாலும் ராஷித்தே கவனித்தார்.

இந்தச் செயலை நியாயம் என்று என்னால் எழுத இயலவில்லை. ஆனால் ஒன்று கூறலாம். எந்த அவையைக் கலைத்தாரோ, அந்த அவை விரும்பிய பள்ளிகள், ஒழுங்கான சுங்கம், நகராட்சி ஆகியவற்றை அவரே பின்னாளில் ஏற்படுத்தினார். எதிரியின் நல்ல கருத்தையும் ஏற்றுக்கொள்ளும் மனம் அவரிடம் பிறகாவது வளர்ந்தது.

கடன் வாங்கி ஆழமாக்கிய கழி

1958ஆம் ஆண்டு ஷேக் சயீத் மறைந்தார். தம் 46ஆம் வயதில் ராஷித் துபாயின் ஆட்சியாளர் ஆனார். அப்போது துபாய் எப்படி இருந்தது? தார்ச்சாலை இல்லை. வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. கிணற்று நீரைக் கழுதைமேல் ஏற்றி வந்து விற்றனர். பனையோலையால் வேய்ந்த குடில்களே மிகுதி. 1951இல் தேராவில் தொடங்கப்பட்ட மக்தூம் மருத்துவமனை ஒன்றே சொல்லிக்கொள்ளத்தக்க புதுமை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடர், கழி தூர்ந்து வந்ததுதான். கடல் அலை கொண்டுவந்து குவித்த மணலால் கழியின் வாய் அடைபடத் தொடங்கியது. பெரிய கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்கைச் சிறு தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் ஊர்க் குளம் தூர்ந்தால் வயல் காய்வது போலக் கழி தூர்ந்தால் துபாய் காய்ந்துவிடும்.

கழியைத் தோண்ட வேண்டும் என்றார் பொறியாளர். பணம்? கருவூலத்தில் அவ்வளவு பணம் இல்லை. எண்ணெய் அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. இந்த இடத்தை, தோழியரே, நன்றாக நினைவில் வையுங்கள். துபாய் எண்ணெயால் வந்த ஊர் என்றே நாம் எல்லாரும் எண்ணுகிறோம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். ஆனால் ராஷித் முதல் மண்வெட்டியை எடுத்தது கடன் வாங்கித்தான்! ஊர் வணிகரிடம் பணம் திரட்டினார். குவைத் நாட்டிடம் கடன் பெற்றார். 1961ஆம் ஆண்டளவில் கழி ஆழமாயிற்று. பெரிய மரக்கலங்கள் ஊர் நடுவே வந்து நின்றன. கழியிலிருந்து அள்ளிய மணலைக் கரையோரம் கொட்டி, புதிய மனைகளை உண்டாக்கி விற்று, கடனை அடைக்கவும் வழி செய்தார். தடையாகக் கிடந்த மணலே விலைபோகும் நிலமாக மாறிய சாதுரியத்தை என்னென்பது!

அந்த 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. பம்பாய்க்கும் வளைகுடாவிற்கும் இடையே ஓடிய தாரா என்னும் பயணிகள் கப்பல் துபாய்க் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தது. புயல் எழுந்ததால் அதைக் கடலுக்குள் கொண்டு சென்றனர். மறுநாள் விடியுமுன் கப்பலில் வெடிப்பு நேர்ந்து தீப்பற்றியது. 238 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டவரும் அதில் பயணம் செய்தனர். புயலில் கப்பல் ஒதுங்க ஓர் ஆழ்துறைமுகம் அந்தக் கரையில் இல்லை என்பதைப் பலருக்கும் உணர்த்திய நிகழ்ச்சி அது.

ஒன்றன்பின் ஒன்றாக

விமான நிலையம் வேண்டும் என்றபோது, பக்கத்து ஷார்ஜாவில் ஒன்று இருக்கிறதே என்றனர் ஆங்கிலேயர். அந்தக் கரையின் வெளிநாட்டு உறவுகள் அப்போது பிரிட்டனின் பொறுப்பில் இருந்தன. ராஷித் விடவில்லை. 1960ஆம் ஆண்டு மணலை இறுக்கி அமைத்த ஓடுதளத்துடன் துபாய் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1965இல் அது தார்த்தளம் ஆயிற்று. இன்று உலகிலேயே மிகுதியான பன்னாட்டுப் பயணிகள் கடந்து செல்லும் நிலையங்களுள் ஒன்றாக விளங்குவது அதுவே. என் தந்தையார் இறங்கிய இடமும் அதுவே.

1961இல் மின்விளக்குகள் எரிந்தன. உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. 1963இல் கழியின் குறுக்கே மக்தூம் பாலம் எழுந்தது. ஒருகாலத்தில் துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்ற இரு கரைகளும் பாலத்தால் இணைந்தன.

1966ஆம் ஆண்டு கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. அந்த எண்ணெய் வயலுக்கு ஃபதே என்று பெயரிட்டனர். 1969இல் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. வேறொருவராக இருந்தால் உட்கார்ந்து உண்டிருப்பார். ராஷித்துக்கோ முத்து கற்பித்த பாடம் மறக்கவில்லை. எண்ணெயும் ஒருநாள் முத்தைப் போலப் போய்விடும் என்று அவர் கணக்கிட்டார். பக்கத்து அபுதாபியைப்போல் துபாயிடம் பெரும் எண்ணெய் வளமும் இல்லை. ஆகவே எண்ணெயில் வந்த பணத்தை, எண்ணெய் இல்லாத நாளுக்காகச் செலவிட்டார்.

1972இல் ராஷித் துறைமுகம் திறக்கப்பட்டது. நான்கு கப்பல்கள் நிற்கும் அளவில் முதலில் திட்டமிட்டதைக் கட்டும்போதே பன்மடங்கு பெரிதாக்கினார். 1973இல் ராஷித் மருத்துவமனையும், 1975இல் கழியின் அடியிலேயே செல்லும் ஷிந்தகாச் சுரங்கப்பாதையும் வந்தன. 1979இல் 39 மாடி உலக வாணிப மையம் எழுந்தது. அப்போது அதைச் சுற்றிலும் வெறும் மணல்தான்! ஊரை விட்டுத் தள்ளி இவ்வளவு உயரக் கட்டடம் யாருக்கு என்று பலர் ஐயுற்றனர். என் தந்தையார் ஒருமுறை கொண்டுவந்த நூறு திர்ஹம் தாளின் பின்புறத்தில் அந்தக் கட்டடத்தின் படத்தைக் கண்டேன். அதைச் சுற்றி இன்று நிற்கும் வானளாவிகளுக்கு இடையே அது சிறுபிள்ளை போலத் தோன்றுகிறதாம்.

அதே 1979ஆம் ஆண்டு நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், பாலைவனத்தைக் குடைந்து, 67 கப்பல் தளங்களுடன் ஜெபல் அலி துறைமுகம் உண்டாயிற்று. மனிதர் வெட்டிய துறைமுகங்களுள் உலகிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. எலிசபெத் மகாராணியார் வந்து அதைத் திறந்து வைத்தார். இதுவும் வீண் என்றவர்கள் இருந்தனர். 1985இல் அங்கு வரியில்லாத் தொழில் வட்டாரம் தொடங்கியபின் வாய் அடைத்தனர். அதே ஆண்டு எமிரேட்ஸ் விமான நிறுவனமும் பிறந்தது. அதன் முதல் விமானங்கள் பறந்த ஊர்கள் கராச்சியும் பம்பாயும்.

ஐக்கிய நாடு

1968ஆம் ஆண்டு சனவரியில், வளைகுடாவை விட்டு விலகப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. சிற்றரசுகளுக்கு இனிக் காவல் யார்? பிப்ரவரி 18ஆம் நாள் ராஷித்தும் அபுதாபி ஆட்சியாளர் ஷேக் சாயித்தும் பாலைவன எல்லையில் ஒரு கூடாரத்தில் சந்தித்தனர். இவ்விரு அரசுகளும் 1940களில் எல்லைக்காகப் போரிட்டவை. அந்தப் பகையை மறந்து, ஒன்றாக இணைய இருவரும் இசைந்தனர். அதன் பயனாக 1971ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஐக்கிய அரபு அமீரகம் மலர்ந்தது. அன்று ஆறு அரசுகள் சேர்ந்தன. ஏழாவதாக ராஸ் அல் கைமா மறு ஆண்டு சேர்ந்தது. சாயித் குடியரசுத் தலைவரானார். ராஷித் துணைத் தலைவரானார். 1979 முதல் பிரதமர் பொறுப்பையும் ஏற்றார்.

எளியவர்க்கும் எட்டியவர்

குடிமக்கள் எளிதில் கண்டு பேசக்கூடியவனாக அரசன் இருக்க வேண்டும் என்பது நம் திருவள்ளுவர் காட்டும் நெறி. ராஷித் அவ்வாறே வாழ்ந்தார். விடியுமுன் எழுவார். தொழுகை முடிந்ததும் காரில் ஏறி, வேலை நடக்கும் இடங்களைத் தாமே சுற்றிப் பார்ப்பார். பின்பு கழியோரச் சுங்க அலுவலகத்தில் வந்து அமர்வார். மாலையில் அவர் இல்லத்து அவை திறந்திருக்கும். வணிகரும் மீனவரும் பொறியாளரும் தம் வேலையைச் சொல்ல அங்கு வரிசையில் காத்திருப்பர். கையில் சிறு புகைக்குழாயுடன் அனைத்தையும் கேட்டுவிட்டு, சுருக்கமாக முடிவு கூறுவார். கோப்புகள் ஆண்டுக்கணக்கில் உறங்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

வந்தவர் எந்தச் சமயத்தவர் என்றும் அவர் பார்க்கவில்லை. நம் நாட்டு இந்து வணிகர்கள் பர் துபாயில் வழிபாட்டிடம் அமைத்துக்கொண்டனர். கத்தோலிக்க மக்களுக்கு ஆலயம் கட்ட நிலம் வழங்கினார். 1967இல் அங்கு அன்னை மரியாள் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டே அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியும் தொடங்கியது. ஞாயிறுதோறும் நாம் இங்கே அன்னையின் ஆலயத்தில் முழந்தாளிடும்போது, நம் தந்தையரும் அண்ணன்மாரும் கடல் கடந்து அதே அன்னையின் பெயர் கொண்ட ஆலயத்தில் முழந்தாளிடுகின்றனர் என்று எண்ணினால் நெஞ்சம் நெகிழ்கிறது.

பொன்னும் பழியும்

இங்கும் ஒன்றை மறைக்கலாகாது. 1960களிலும் 70களிலும் துபாய் வணிகர்கள் உலகச் சந்தையில் பொன் வாங்கி விற்றனர். அங்கே அது நேர்மையான வாணிகம். ஆனால் நம் நாட்டிலோ பொன் இறக்குமதிக்குத் தடை. 1968ஆம் ஆண்டின் பொற்கட்டுப்பாட்டுச் சட்டமும் இருந்தது. அதனால் அந்தப் பொன் இரவில் படகேறி நம் கரைகளில் கள்ளத்தனமாக இறங்கியது. துபாய் செழித்ததில் இந்தப் பொன்னுக்கும் பங்குண்டு. ராஷித் அதைத் தடுக்கவில்லை. ஒரு நாட்டில் வாணிகமாக இருப்பது மறு நாட்டில் குற்றமாக இருக்கலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

மறைவும் மாநகரும்

1981ஆம் ஆண்டு ராஷித் நோய்வாய்ப்பட்டார். 1983இல் அன்பு மனைவி லத்தீஃபா மறைந்தது அவரை மேலும் தளர்த்தியது. ஆண்மக்கள் நால்வரும் பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டனர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அவர் கண் மூடினார்.

அவர் கண்ட கனவு அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1968இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் துபாயில் இருந்தோர் ஏறத்தாழ 59,000 பேர். இன்று 35 இலட்சத்துக்கும் மேல். 2009இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் மெட்ரோ ரயில் வந்தது. 2010இல் 828 மீட்டர் உயரமுள்ள, உலகிலேயே உயர்ந்த கட்டடமான புர்ஜ் கலீஃபா திறக்கப்பட்டது. 2022இல் எதிர்கால அருங்காட்சியகம் என்று ஒன்றைத் திறந்தனர். முட்டை போல வளைந்து, நடுவில் துளையுடன், சுவரெங்கும் அரபு எழுத்துகளையே சாளரங்களாகக் கொண்ட விந்தைக் கட்டடம் அது. பழங்காலப் பொருள்களுக்கு அருங்காட்சியகம் கண்டிருக்கிறோம். இனி வரப்போகும் காலத்திற்கே ஒன்று கட்டிய ஊரைக் கண்டதுண்டா? இன்று அந்நகரின் வருவாயில் எண்ணெயின் பங்கு மிகமிகச் சிறியது. ராஷித்தின் கணக்கு தவறவில்லை.

கட்டிய கைகள்

ஆனால் மன்னர் ஒருவர் மட்டுமா மாநகரைக் கட்டினார்? கழியைத் தோண்டியது முதல் புர்ஜ் கலீஃபாவின் உச்சிவரை ஏறியது வரை, உழைத்த கைகளில் பெரும்பாலானவை வெளியூர்க் கைகள். அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் பிற நாட்டவர். நம் கடையநல்லூர்க் கொத்தனாரும் தென்காசி மின்பணியாளரும் அவர்களுள் அடங்குவர். கோடை வெயில் 45 பாகையைத் தாண்டும். நண்பகலில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி ராஷித் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள் ஆவதில்லை. வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, தந்தையார் கைப்பேசியில் காணொளி வழியாக எனக்கு அந்தக் கழியைக் காட்டினார். ஆப்ரா என்னும் சிறு படகில் அமர்ந்து தேராவிலிருந்து பர் துபாய்க்கு அவர் கடந்துகொண்டிருந்தார். மரக்கலங்கள் சரக்கேற்றி நின்றன. கடற்காகங்கள் பறந்தன. ராஷித் கடன் வாங்கி ஆழமாக்கிய தண்ணீர் இதுதான் என்று நான் அவருக்குச் சொன்னேன். 12 ஆண்டுகளாக அதைக் கடந்து செல்லும் அவருக்கு அது தெரியாது! அவர் சிரித்தார். ஆச்சியும் அருகில் வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழியரே! ராஷித்திடம் ஆறில்லை, அருவியில்லை, வயலில்லை. தூர்ந்துபோன ஒரு கழி மட்டும் இருந்தது. அதைத் தோண்டினால் ஊர் பிழைக்கும் என்று அவர் நம்பினார். நம்மிடம் இயற்கை அள்ளித் தந்த சிற்றாறு இருக்கிறது. வயலும் வனமும் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு முதல் நம் தென்காசி ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகிறது. எனினும் நம் தந்தையர் பிழைப்புக்காகக் கடல் கடக்கின்றனர். நம் ஊரில் தூர்ந்து கிடப்பது எது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டாமா?

நான் பெரியவளாகிப் பொறியாளராக வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். வானளாவும் மாளிகை கட்டுவது என் ஆசை அன்று. நம் ஊரில் பிறந்த ஒருவர் நம் ஊரிலேயே உழைத்து, மாலையில் வீடு திரும்பி, தம் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்ணும்படி ஒரு வேலையை இங்கே உண்டாக்க வேண்டும். அதுவே என் ஆசை. மணலில் மாநகர் காண ஒருவரால் முடிந்தது என்றால், சாரல் விழும் மண்ணில் இதைச் செய்ய நம்மால் முடியாதா? நாம் அனைவரும் சேர்ந்து முயல்வோமாக!

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு